திருமலைச் செப்பேடுகளும் எங்கள் வீட்டு ஒளிநாடாவும்

திருமலைக் கோயிலினுள், உண்டியலுக்கு அருகே, கருங்கல்லால் ஆன சிற்றறை ஒன்று உண்டு. தரிசனம் முடிந்து கூட்டத்தோடு நகர்ந்து வருவோருள் அதனைக் கவனிப்பவர் சிலரே. அதன் வாயிலின் இருமருங்கும் இரண்டு உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. தாள்ளபாக்கம் அன்னமாசாரியரும், அவர் மைந்தர் பெரிய திருமலாசாரியருமே அவ்விருவர் என்பர். அவ்வறைக்குச் சங்கீர்த்தன பண்டாரம் என்று பெயர். பண்டாரம் என்றதும் பொன்னும் மணியும் நினைவுக்கு வரலாம். அங்கே அடுக்கிவைக்கப்பட்டிருந்தவை பாட்டுகள். செப்புத் தகடுகளில் வெட்டப்பட்ட ஆயிரக்கணக்கான பாட்டுகள்.

அத்தகடுகளைப் பற்றிப் பேச வந்த நான், எங்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்த ஒரு வீடியோ நாடாவைப் பற்றியும் சேர்த்துப் பேசப் போகிறேன். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வியக்கலாம். எனக்கும் அத்தொடர்பு நெடுநாள் தெரியாமற்றான் இருந்தது.

1996-ஆம் ஆண்டில் எங்கள் அக்காளின் திருமணம் திருப்பதியில் ஒரு சத்திரத்தில் நடந்தது. எங்கள் வீடோ சித்தூரில். அன்று இரண்டும் ஒரே மாவட்டத்து ஊர்கள். 2022 ஏப்ரல் முதல் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டது. குவைத்தில் பணியாற்றிவந்த எங்கள் சித்தப்பா, கையடக்கமான வீடியோ காமிரா ஒன்றை வாங்கி வந்திருந்தார். எட்டு மில்லிமீட்டர் அகலமுள்ள நாடாவில் பதியும் வகை அது. அவ்வகைக் காமிரா 1985 முதல் உலகச் சந்தைக்கு வந்தது. எங்கள் ஊரில் அது அன்றும் ஓர் அதிசயமே. சித்தப்பா அதனைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. சமையற்கட்டில் அண்டா இறக்குவதைக்கூட எடுத்தார்.

நலங்கின்போது எங்கள் பாட்டி பாடினார். வட ஆர்க்காட்டு வழக்கப்படி அவரை ஆயா என்றே நாங்கள் அழைப்போம். பாட்டின் ஓரடி தமிழ், அடுத்த அடி தெலுங்கு. எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் இது இயல்பான செய்தியே. 1911-இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953 வரையில் சென்னை மாகாணத்தில் இருந்தது. பின்னர் ஆந்திரத்தைச் சார்ந்தது. 1960-இல் திருத்தணி மட்டும் பிரிந்து தமிழகத்தை அடைந்தது. கணக்குப் பதிவேடுகள் இவ்வாறு மாறிக்கொண்டிருந்த காலமெல்லாம் ஆயா அதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார். அப்பாட்டு எந்த நூலிலும் இல்லை.

1999-இல் ஆயா காலமானார். 2003-இல், நாடா கெட்டுவிடும் என்ற அச்சத்தில், அதனைக் குறுந்தட்டாக மாற்றித் தருமாறு ஒரு கடையில் கொடுத்தோம். பளபளக்கும் உறையில் மூன்று தட்டுகள் வந்தன. போட்டுப் பார்த்தோம். மணமக்கள் இதயவடிவச் சட்டத்துக்குள் தோன்றினர்; பூக்கள் உதிர்ந்தன. ஆயாவும் தோன்றினார், வாய் அசைந்தது. கேட்டதோ ஒரு திரைப்படப் பாட்டு. திருமண வீடியோவின் "இரைச்சலை" நீக்கிச் சினிமாப் பாட்டைச் சேர்த்துக் கொடுப்பது அக்காலத்துக் கடைகளின் வழக்கம். "நன்றாகச் செய்து கொடுங்கள்" என்று சொன்னோமே ஒழிய, ஒலியை மாற்ற வேண்டா என்று நாங்களும் சொல்லவில்லை. மூல நாடாவை அக்கடைக்காரர் திருப்பித் தந்தார். அதை எங்கே வைத்தோம் என்பதையும் நாளடைவில் மறந்தோம்.

படம் இருக்கிறது, குரல் இல்லை. இத்தகைய இழப்பு எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதைத் திருமலையின் வரலாறு எனக்குக் காட்டிற்று.

படியெடுத்தல் நம் முன்னோர் நன்கறிந்த தொழில். திருமலையிலும் திருப்பதியிலும் உள்ள கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் மிகப் பெரும்பான்மை தமிழ்க் கல்வெட்டுகளே. தேவஸ்தானத்தின் சாசன அறிஞரான சாது சுப்பிரமணிய சாஸ்திரியாரின் உழைப்பால் 1930-களில் அவை அச்சேறின. பதின்மூன்றாம் நூற்றாண்டில், வீரநரசிங்க தேவ யாதவராயர் ஆட்சியில், கோயிலின் நடுப்பகுதியைத் திருப்பணி செய்ய நேர்ந்தபோது, பழைய சுவர்ச் சாசனங்களைப் படியெடுத்து மீண்டும் கல்லில் வெட்டுவிக்கும் ஏற்பாடு நடந்தது. திருப்புல்லாணி தாசர் என்னும் அடியவர் அதில் முன்னின்றார். சுவரை இடிக்குமுன் எழுத்தைக் காப்பாற்றவேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றிற்றே, அது பெரிது.

சோழ நாட்டிலும் இவ்வழக்கம் உண்டு. செம்பியன் மாதேவியார் பத்தாம் நூற்றாண்டில் திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய சாசனங்கள் புதிய சுவர்களில் திரும்ப வெட்டப்பட்டன. அவ்வாறு வெட்டியவற்றைப் பழங்கற்படி என்றே குறித்துவைத்தனர். படியைப் படி என்று சொல்லும் நேர்மை அச்சொல்லில் இருக்கிறது. மூலம் எது, படி எது என்பதைப் பிற்காலத்து அறிஞர் பிரித்தறிய அதுவே துணையாயிற்று.

கல்லிலிருந்து கல்லுக்குப் போவது எழுத்து. எழுத்தின் வடிவம் காலத்துக்கேற்பச் சற்று மாறலாம். ஆனால் ககரம் ககரமாகவே போய்ச்சேரும். வெட்டுபவன் விழிப்பாக இருந்தால், நூறாவது படியிலும் முதற்படியின் பொருள் குறையாது. பாட்டு அப்படிப்பட்டதன்று. இதற்குச் சான்று அந்தச் செப்பேடுகள்.

அன்னமாசாரியர் 1503-இல் மறைந்தார். முதற் செப்பேட்டின் முகப்பு வாசகம் 1424-ஐயும் 1503-ஐயும் எல்லைகளாகத் தருகிறது. 1424 அவர் பிறந்த ஆண்டா, பாடத் தொடங்கிய ஆண்டா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவர் பாடியவை முப்பத்தீராயிரம் என்பது மரபு. எஞ்சிக் கிடைத்திருப்பவை ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம். ஓலையில் இருந்தவற்றைச் செம்பில் ஏற்றும் பெரும்பணியை, பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில், விசயநகர மன்னரின் ஆதரவும் பெருஞ்செல்வமும் வாய்ந்திருந்த பெரிய திருமலாசாரியர் மேற்கொண்டார். தேவாரச் சுவடிகளைச் செல்லரித்த கதையை அறிந்த நமக்கு, ஓலையை நம்பாது செம்பை நாடிய அம்மைந்தரின் கவலை புரியாமற் போகாது. அன்றைய தொழில்நுட்பத்தில் அதைவிட நீடித்த பொருள் வேறில்லை.

செம்பு நீடித்தது. ஆனால் அத்தகடுகளில் என்ன இருந்தது? பாட்டின் சொல் முழுவதும் இருந்தது. தலைப்பில் இராகத்தின் பெயர் இருந்தது. அவ்வளவே. சுரக் குறிப்பு இல்லை. அதைப் பொறிக்க வேண்டியது இல்லை என்றே அவர்கள் எண்ணியிருப்பார்கள். நாள்தோறும் சந்நிதியில் பாடப்படும் பாட்டுக்கு மெட்டை எழுதிவைப்பார் உண்டோ? பாடுவோர் இருக்கும்வரை மெட்டு அவர்தம் தொண்டையில் இருந்தது. பாடுவோர் அற்றபோது அதுவும் அற்றது. இராகப் பெயர்களுள் கொண்டமலகரி, அமரசிந்து போன்றவை பெயரளவில் நிற்கின்றன; அவற்றின் உருவத்தை இன்று உறுதியாகக் காட்டுவார் இல்லை.

இடையிலே ஒரு வேடிக்கையும் நிகழ்ந்தது. 1816-இல் சென்னையில் தெலுங்கு இலக்கணம் ஒன்றை வெளியிட்ட ஏ. டி. காம்ப்பெல் என்னும் ஆங்கில அதிகாரி, திருப்பதி மலையில் ஆயிரக்கணக்கான செப்புத் தகடுகள் உள்ளன என்று கேள்வியுற்று, அவற்றைப் பார்த்துவர ஒருவரை அனுப்பினார். அவருக்கு வேண்டியிருந்தது இலக்கண நூல். தகடுகளில் கிடைத்த இலக்கணம் ஒன்றை மட்டும் படியெடுக்கச் செய்தார். மற்றவை வெறும் தோத்திரப் பாட்டுகள் என்று எழுதிவிட்டு விட்டுவிட்டார். அவர் மீது குறை கூறுவதற்கில்லை. எங்கள் வீட்டு நாடாவில் கடைக்காரருக்கு இரைச்சலாகப் பட்டது ஆயாவின் குரல்; காம்ப்பெலுக்குத் தேவையற்றதாகப் பட்டவை அன்னமாசாரியரின் பாட்டுகள். படியெடுப்பவர் கண்ணுக்கு எது பொருளோ அதுவே படியில் ஏறுகிறது.

1922-இல்தான் அத்தகடுகள் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. பின்னர் சாது சுப்பிரமணிய சாஸ்திரியார், வேட்டூரி பிரபாகர சாஸ்திரியார் முதலியோர் அவற்றைப் படித்துப் பதிப்பித்தனர். செம்பிலிருந்து காகிதத்துக்கு வந்தது பாட்டு. இதுவும் எழுத்துப் பயணமாதலின் சேதம் குறைவு. மெட்டுக்கு என்ன செய்வது? மைசூரில் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா (1893–1979) திருப்பதிக்கு வந்து, செப்பேடு கூறும் இராகத்தைப் பற்றிக்கொண்டு, பல பாட்டுகளுக்குத் தாமே மெட்டமைத்துச் சுரப்படுத்தினார். அவை அன்னமாசாரியரின் மெட்டுகள் அல்ல, சர்மாவின் மெட்டுகள் என்பதை எவரும் மறைக்கவில்லை. எம். எஸ். சுப்புலட்சுமி போன்றோர் குரலில் அப்பாட்டுகள் நாடெங்கும் பரவின. நாம் இன்று கேட்டுக் கண்ணீர் மல்குவது பதினைந்தாம் நூற்றாண்டின் சொல்லை, இருபதாம் நூற்றாண்டின் இசையில்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்வரலாற்றில் இன்னொரு செய்தி மிக நெருக்கமானது. பாட்டிலக்கணம் கூறும் 'சங்கீர்த்தன லட்சணம்' என்ற நூலை அன்னமாசாரியர் வடமொழியில் இயற்றினார். அம்மூலம் இன்று இல்லை. பேரர் சின்ன திருமலாசாரியர் அதனைத் தெலுங்கில் பெயர்த்துச் செய்த நூலே நமக்குக் கிடைத்திருக்கிறது. மூலம் போய் மொழிபெயர்ப்பு நிற்கிறது! அலுவலகக் கோப்புகளை நாள்தோறும் பெயர்த்துத் தள்ளும்போது, நம் எழுத்தை யார் தேடப் போகிறார் என்று சலிப்புறுவதுண்டு. சின்ன திருமலாசாரியரும் ஒருவேளை அவ்வாறே நினைத்திருக்கலாம்.

இனி எங்கள் நாடாவுக்கு வருகிறேன். 2021-இல் சித்தூர் வீட்டைக் காலி செய்தபோது, பழைய டிரங்குப் பெட்டியில், பட்டுப் புடவைகளின் அடியில் அது அகப்பட்டது. சாளரத்தில் வெண்பூஞ்சை தெரிந்தது. ஒரே ஓர் ஐயம்: கடைக்காரர் ஒலியை மாற்றியது நாடாவிலா, தட்டிலா? இதனைத் தேடிப் படித்தபோது மனம் குளிர்ந்தது. எட்டு மில்லிமீட்டர் நாடாவில் ஒலியானது, படம் பதியும் அதே சாய்ந்த வரிகளில், படத்தோடு கலந்தே பதிகிறது. படத்தை விட்டு ஒலியை மட்டும் அழித்து வேறொன்றைப் பதிய அதில் வழியில்லை. ஆகவே சினிமாப் பாட்டு ஏறியது படியில் மட்டுமே. நாடாவில் ஆயா பாடிக்கொண்டுதான் இருந்தார்.

இவ்விடத்தில், வீட்டு நாடாக்களை வைத்திருக்கும் நேயர்களின் பொருட்டு, தரம் எங்கே குறைகிறது என்பதைச் சற்று விளக்கவேண்டும். நாடாவில் பதிவது அலை, மெட்டைப் போன்றது. ஒரு நாடாவிலிருந்து மற்றொன்றுக்கு அதனைப் பதிந்தால் ஒவ்வொரு தலைமுறைக்கும் நிறம் வெளிறும், விளிம்பு மங்கும். கணினியில் பதிவதோ எண், எழுத்தைப் போன்றது. எண்ணை எத்தனை முறை படியெடுத்தாலும் குறையாது. அங்ஙனமாயின் சேதம் நிகழ்வது எப்போது? அலையை எண்ணாக்கும் அந்த ஒரு தருணத்திலும், அவ்வெண்களைச் சிறு தட்டுக்குள் அடைக்கச் சுருக்கும்போதும். அவ்விரு இடங்களில் கஞ்சத்தனம் செய்தால் பிற்பாடு எக்காலத்தும் ஈடுசெய்ய இயலாது.

2003-இல் எங்களுக்குக் கிடைத்தது வி.சி.டி. என்னும் தட்டு. அதில் ஒரு சட்டத்தின் அளவு 352-க்கு 288 புள்ளிகள். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறைப்படி முழுச் சட்டம் எண்ணாக்கப்படுவது 720-க்கு 576 என்ற அளவில். அதாவது நாலில் ஒரு பங்குக்கும் குறைவான புள்ளிகளே தட்டில் ஏறின. அன்றியும் நாடாவில் ஒவ்வொரு சட்டமும் இரண்டு அரைப்படங்களாக, நொடிக்கு ஐம்பது வீதம் பதிந்திருக்கும். வி.சி.டி. அவற்றில் பாதியைத் தள்ளிவிடும். நலங்கில் தேங்காய் உருட்டும் கைகள் துள்ளித் துள்ளிப் போனதற்குக் காரணம் இதுவே.

முறையான வழி யாதெனில், முதலில் நாடாவை நோயாளியைப்போல் நடத்துவது. பூஞ்சை பிடித்த நாடாவை அப்படியே காமிராவில் செருகக் கூடாது; பூஞ்சை காமிராவின் ஹெட்டிலும் ஒட்டி, அடுத்த நாடாவையும் கெடுக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் சில நாள் வைத்து, பின்னர் இத்தொழில் அறிந்த ஒருவரிடம் கொடுத்துத் துடைப்பித்தேன். அடுத்து, ஓட்டும் கருவி. 1999 முதல் வெளிவந்த டிஜிட்டல்-8 காமிராக்களுள் சில வகைகள் பழைய எட்டு மில்லிமீட்டர் நாடாவையும் ஓட்டும். ஓட்டும்போதே அலையை எண்ணாக்கி, ஃபயர்வயர் என்னும் கம்பி வழியே கணினிக்கு அனுப்பும். அத்தகைய காமிரா ஒன்றைத் தில்லியில் பழைய சாமான் சந்தையில் வாங்கினேன். இக்காலத்துக் கணினிகளில் ஃபயர்வயர் துளை இல்லாமையால் பழைய கணினி ஒன்றையும் இரவல் வாங்க வேண்டியதாயிற்று. நாடாவை ஒருமுறை முழுவதும் முன்னோட்டிப் பின்னோட்டி, சுருளின் இறுக்கத்தைச் சமன் செய்தபின் பதிவைத் தொடங்கினேன்.

இவ்வகைப் பதிவு மணிக்குப் பதின்மூன்று ஜிகாபைட் இடம் கொள்ளும். டி.வி.டி. தட்டு ஒன்றின் கொள்ளளவோ 4.7 ஜிகாபைட். எனவே தட்டுக்கு ஏற்ப மீண்டும் சுருக்கியே ஆகவேண்டும். ஒரு தட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அடைக்காதிருந்தால் சேதம் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றாது. நான்கு மணி நேரத்தை அடைத்துத் தருகிறோம் என்பாரிடம் எச்சரிக்கை தேவை. எப்படியாயினும் தட்டு என்பது பார்ப்பதற்கான படி. சுருக்குமுன் இருந்த பெரும் பதிவை இரண்டு வன்தட்டுகளில், இரண்டு ஊர்களில் வைத்திருப்பதே காப்பு. வீட்டில் எழுதும் டி.வி.டி.யின் சாயம் வெயிலிலும் புழுக்கத்திலும் சில ஆண்டுகளிலேயே மங்கிவிடக் கூடும். அதைச் செப்பேடு என்று எண்ணிவிடலாகாது. நிறம் திருத்துதல், இசை சேர்த்தல் முதலிய ஆசைகள் இருந்தால் அவற்றை வேறொரு படியில் செய்துகொள்ளலாம்.

காலமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. வீட்டு வீடியோ ஓட்டும் கருவிகளைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016-இல் அத்தொழிலை நிறுத்திற்று. காந்த நாடாக்களை ஓட்டும் வாய்ப்பு 2025-க்குள் பெரும்பாலும் அற்றுப்போகும் என்று 2019-இல் யுனெஸ்கோ அமைப்பு எச்சரிக்கையே விடுத்தது. நாடா உருக்குலையாமல் இருந்தும் அதனை ஓட்டும் கருவி இன்றி ஊமையாகும் நிலை அது. சொல் இருந்தும் பாடுவோர் இன்றி நின்ற அந்தப் பண்டாரம் போல.

பதிவு ஓடத் தொடங்கி நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆயிருக்கும். சத்திரத்துக் கூச்சல், குழந்தை அழுகை, யாரோ "பந்தி போடுங்க" என்று கத்துவது. அதற்கிடையே ஆயாவின் குரல் எழுந்தது. நான் நினைவில் வைத்திருந்ததைவிடச் சன்னமான குரல். இரண்டாம் சரணத்தின் நடுவில் பூஞ்சை அரித்த இடம் வந்தது. திரையில் வெள்ளைக் கீற்றுகள் பாய்ந்தன. ஏறத்தாழ இருபது நொடி இரைச்சல். பிறகு பாட்டின் கடைசி அடி மட்டும் கேட்டது. நாடாவை மும்முறை ஓட்டியும் அவ்விடம் தெளியவில்லை.

சித்தூரில் இருக்கும் எங்கள் அத்தைக்கு அப்பாட்டு ஒருவாறு நினைவிருந்தது. தொலைபேசியில் கேட்டேன். "அம்மா மாதிரி எனக்கு வராதுடா" என்று தயங்கியவர், பின்னர் விடுபட்ட அடிகளைப் பாடிக் காட்டினார். மெட்டு சற்றே வேறாக இருந்தது. அதுதான் சரி என்கிறார் அத்தை. இரண்டையும் ஒட்டி ஒரே பாட்டாக்கித் தரலாம் என்று கணினி அறிந்த என் மகன் கூறினான். வேண்டா என்றேன். தட்டில் ஆயா பாடியது தனியாகவும், அத்தை பாடியது தனியாகவும் இருக்கின்றன. உறையின் மேல், 1996-இல் எடுத்த நாடாவிலிருந்து 2021-இல் எடுத்த படி என்றும், இருபது நொடி சிதைந்துள்ளது என்றும், மூல நாடா இன்னாரிடம் உள்ளது என்றும் எழுதி, அக்காளுக்கு ஒன்றும் குவைத்திலிருந்து திரும்பிவிட்ட சித்தப்பாவுக்கு ஒன்றுமாக அனுப்பிவைத்தேன்.